டோன்கட்சு கடைக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

பன்றி இறைச்சியை மாவிலும் முட்டையிலும் ரொட்டித்தூளிலும் புரட்டி, எண்ணெயில் மூழ்கப் பொரித்தெடுப்பது டோன்கட்சு. ஜப்பானில் சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும், ரயில் நிலையச் சாப்பாட்டுப் பெட்டியிலும் கிடைக்கும். ஆனால் டோன்கட்சு மட்டுமே செய்யும் கடைக்குப் போய்ச் சாப்பிடுவது வேறு அனுபவம். அங்கே கேட்ட பிறகுதான் துண்டை எண்ணெயில் இறக்குவார்கள். தடித்த துண்டு வெந்து வர பத்து நிமிடமும் ஆகும், இருபது நிமிடமும் ஆகும். தட்டில் வந்தபின் மேலோடு மொறுமொறுப்பாகவும் உள்ளே சாறோடும் இருப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களைக் கெடுப்பது பெரும்பாலும் சாப்பிடுகிறவரின் கைதான்: சாஸை மேலே மொத்தமாக ஊற்றிவிடுவார்கள், அல்லது படமெடுத்து முடிப்பதற்குள் ஆறவிடுவார்கள். கீழே சொல்லும் எல்லாமே அந்த மேலோட்டைக் காப்பாற்றுவதைச் சுற்றித்தான் வரும்.

யார் போகலாம், யார் போகக்கூடாது

இதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் இந்தக் கடைக்குள் போய் இறாலோ கோழியோ வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கக்கூடாது. எல்லாம் பொதுவாக ஒரே எண்ணெயில்தான் பொரியும். அந்த எண்ணெயே பல கடைகளில் பன்றிக் கொழுப்பு, அல்லது பன்றிக் கொழுப்பு கலந்த தாவர எண்ணெய். கூடவே வரும் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பும் பல இடங்களில் டோன்ஜிரு, அதாவது பன்றி இறைச்சித் துண்டு போட்ட சூப். ஹலால் வேண்டுமென்றால் அதற்கென்று சான்று பெற்ற கடையைத் தேடிப் போக வேண்டும்.

மாட்டிறைச்சி மட்டும் சாப்பிடாதவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. வெறும் டோன்கட்சுவில் மாட்டிறைச்சி இல்லை. ஆனால் அதே மெனுவில் உள்ள மென்ச்சிகட்சு கொத்துக்கறி வடிவம். அதில் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் கலப்பது சாதாரணம். மசித்த உருளைக்கிழங்கைப் பொரித்த கொரொக்கேயிலும் மாட்டுக் கொத்துக்கறி இருக்கலாம். சோற்றோடு குழம்பு ஊற்றித் தரும் கட்சு கறியின் குழம்பில் மாட்டுக் கொழுப்பு இருக்கலாம். கியூகட்சு என்று பலகை தொங்கும் கடை முழுக்க மாட்டிறைச்சிக் கடை. பார்வைக்கு டோன்கட்சு போலவே இருக்கும், வெட்டினால் உள்ளே சிவப்பாக இருக்கும்.

சைவர்களுக்கு இங்கே சோறும் முட்டைக்கோஸும் தவிர நம்பிச் சாப்பிட ஏதுமில்லை. சூப்பின் அடிப்படையே மீன் சாறு. கோதுமையும் முட்டையும் ஒத்துக்கொள்ளாதவர்களும் தவிர்க்க வேண்டும். மேலோடு முழுக்க அவைதான்.

கடையைத் தேர்வது

விலையை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கலாம். மட்சுனோயா, கட்சுயா போன்ற சங்கிலிக் கடைகளில் ஆயிரம் யென்னை ஒட்டியே முழுச் சாப்பாடு முடிந்துவிடும். துண்டு மெலிதாக இருக்கும், வேகமாக வரும். மட்சுனோயாவில் வாசலிலேயே டிக்கெட் இயந்திரம் நிற்கும். முதலில் பணம் கட்டி, எண் கூப்பிட்டதும் தட்டை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அடுத்தது சபொத்தென், வாகோ, கியோட்டோவின் கட்சுகுரா, டோக்கியோவின் மாய்சென் போன்றவை. பல்பொருள் அங்காடிகளின் உணவுத் தளத்தில் இவற்றைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஆயிரத்தைந்நூறு முதல் மூவாயிரம் யென் வரை ஆகும். மூன்றாவது, சமையற்காரர் கண்முன்னே நின்று பொரிக்கும் தனிக் கடைகள். இங்கே மூவாயிரத்துக்கு மேலும் போகும், வரிசையும் நீளும்.

முதல் முறைக்கு நடுவில் உள்ள வகையே நல்லது. படத்தோடு மெனு இருக்கும், எள் அரைக்கும் கிண்ணம் வரும், சோறும் முட்டைக்கோஸும் திரும்பக் கேட்டு வாங்கலாம், குழந்தைகளுக்கும் தனித் தட்டு உண்டு. இதில் பழகியபின் தனிக் கடைக்குப் போனால் அங்கே எதற்குக் கூடுதல் பணம் கொடுக்கிறோம் என்பது நாக்குக்குத் தெரியும்.

பழைய கடைகளில் சாப்பிட விரும்புகிறவர்களுக்கு டோக்கியோவின் உவேனோ பகுதிதான் இடம். 1905-ல் தொடங்கிய பொந்தா ஹொங்கே, 1912-ல் தொடங்கிய ஹோராய்யா, 1930-ல் தொடங்கிய இசென் மூன்றும் நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கின்றன. இந்த உணவுக்கு முந்தைய வடிவம் டோக்கியோவின் கின்சா பகுதியில் பிறந்தது. அங்கே 1895-ல் தொடங்கிய ரெங்காதேய் என்ற மேற்கத்திய உணவகம், 1899-ல் பன்றி இறைச்சியை டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரிப்பது) போல எண்ணெயில் மூழ்கப் பொரித்துக் கொடுத்தது. 1904-ல் ரஷ்யாவுடன் போர் வந்தபோது சமையற்காரர்கள் படைக்குப் போய்விட, வேகவைத்த காய்கறிக்குப் பதில் பச்சை முட்டைக்கோஸை நறுக்கி வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்த முட்டைக்கோஸ் இன்றுவரை தட்டை விட்டுப் போகவில்லை.

போகும் நேரமும் வரிசையும்

தனிக் கடைகள் பல மதியம் பதினொன்று, பதினொன்றரைக்குத் திறந்து இரண்டு அல்லது மூன்று மணிக்கு மூடி, மாலை ஐந்து, ஐந்தரைக்கு மறுபடி திறக்கும். மூடுவதற்கு அரை மணி முன்பே கடைசி ஆர்டர் முடிந்துவிடும். நல்ல இறைச்சி ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று கணக்கு வைத்திருப்பதால் சிறப்புத் துண்டுகள் முன்னதாகவே தீர்ந்துபோகும். கடை திறப்பதற்கு இருபது, முப்பது நிமிடம் முன் போய் நிற்பதே பாதுகாப்பு. மதியச் சாப்பாடு இரவைவிட விலை குறைவு. ஆனால் மதியத் தட்டில் துண்டின் எடையும் குறைவாக இருக்கலாம், மெனுவில் கிராம் கணக்கைப் பாருங்கள்.

வரிசையில் நிற்பதற்கு முன் வாசலில் ஒரு தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெயரையும் ஆள் எண்ணிக்கையையும் எழுத வேண்டும். எழுதாமல் நின்றால் எவ்வளவு நேரம் நின்றாலும் கூப்பிட மாட்டார்கள். பெயரைச் சுருக்கமாக எழுதுங்கள். கூப்பிடுகிறவருக்கு வாயில் நுழைய வேண்டும். சில கடைகளில் நிற்கும்போதே ஆர்டர் எடுத்துவிடுவார்கள். டோக்கியோவின் மெகுரோவில் 1939 முதல் நடக்கும் டோன்கி இதற்குப் பேர்போனது: உள்ளே நுழைந்ததும் ரோசுவா ஹிரேயா (துண்டின் இரு வகைகள், கீழே வரும்) என்று கேட்பார்கள், பிறகு சுவரோரம் கிடக்கும் இருக்கைகளில் காலியானதில் உட்காரலாம். வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. யாருக்குப் பின் யார் வந்தார் என்பதைப் பணியாளர்கள் நினைவில் வைத்திருந்து கூப்பிடுவார்கள்.

எந்தத் துண்டு

மெனுவில் முதலில் முடிவு செய்ய வேண்டியது ரோசுவா, ஹிரேயா என்பது. ரோசு என்பது முதுகுப் பக்கத்து இறைச்சி. ஒரு ஓரத்தில் வெள்ளைக் கொழுப்புப் பட்டை இருக்கும். ஹிரே முதுகெலும்புக்கு உள்பக்கம் இருக்கும் மெல்லிய தசை. கொழுப்பு மிகக் குறைவு, மென்மையானது, ஒரு பன்றியில் கிடைப்பது கொஞ்சம்தான், அதனால் பெரும்பாலும் விலை கூடுதல். விலை கூடுதல் என்பதால் ஹிரேதான் உயர்ந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டோன்கட்சுவின் ருசி என்று ஜப்பானியர் சொல்வது பெரும்பாலும் ரோசுவின் கொழுப்பில்தான் இருக்கிறது. அது நன்றாக வெந்தால் இனிப்பாக உருகும். கொழுப்பைக் கண்டாலே ஒதுக்கி வைப்பவர்கள் ஹிரே கேட்கலாம். இரண்டு பேர் போனால் ஒருவர் ரோசு, ஒருவர் ஹிரே வாங்கி ஒரு துண்டு மாற்றிக்கொள்வதுதான் சிறந்த பாடம். மாற்றும்போது சாப்பிடும் குச்சியிலிருந்து குச்சிக்குக் கொடுக்கக்கூடாது. ஜப்பானில் அது இறுதிச் சடங்கில் எலும்பெடுக்கும் முறை. தட்டில் வையுங்கள்.

'ஜோ' என்று முன்னால் இருந்தால் ஒரு படி மேல், 'தொகுஜோ' என்றால் அதற்கும் மேல். துண்டு தடித்திருக்கும், கொழுப்பும் கூடும். 'ஹிதொகுச்சி' என்றால் ஒரு வாய்க்கு ஒன்றாகச் சின்னச் சின்னத் துண்டுகள். எடையில் 120 முதல் 150 கிராம் வரை ஒருவருக்குப் போதும். 200 கிராமுக்கு மேல் போனால், சோறும் சூப்பும் சேர்ந்து, கடைசி இரண்டு துண்டுகள் ஆறிப்போய்க் கஷ்டப்பட்டு விழுங்க வேண்டி வரும்.

பன்றியின் இனத்தையும் பெருமையாக எழுதியிருப்பார்கள். குரோபுதா என்பது கறுப்புப் பன்றி. ககோஷிமாவின் பெர்க்‌ஷயர் இனம் புகழ்பெற்றது. சங்கென்டோன் என்பது மூன்று இனங்களின் கலப்பு, வழக்கமாக லேண்ட்ரேஸ், லார்ஜ் ஒயிட், டியூராக். ஒகினாவாவில் அகு என்ற இனம் உண்டு. முதல் தடவையே இவற்றுக்கு இரட்டிப்பு விலை கொடுக்கத் தேவையில்லை. கடையின் சாதாரண ரோசு எப்படி இருக்கிறது என்று தெரிந்தபின் அடுத்த முறை ஒப்பிடுங்கள், வித்தியாசம் அப்போதுதான் புரியும்.

'டெய்ஷோகு' என்று கேட்டால் சோறு, மிசோ சூப், ஊறுகாய், முட்டைக்கோஸ் எல்லாம் சேர்ந்து வரும். 'தான்பின்' என்றால் இறைச்சி மட்டும். சோற்றை வெள்ளையா, பார்லி கலந்ததா என்று கேட்கும் கடைகள் உண்டு. சூப்பிலும் டோன்ஜிருவா, சிப்பி போட்ட கருஞ்சிவப்பு மிசோவா என்று தேர்வு இருக்கலாம். சோறு குறைவாக வேண்டுமென்றால் "கோஹான் சுகுனாமே தே" என்று சொல்லுங்கள். தனிக் கடைகளில் தலைக்கு ஒரு தட்டு வாங்குவது வழக்கம். மூன்று பேர் உட்கார்ந்து ஒரு தட்டைப் பகிர்வதை விரும்ப மாட்டார்கள்.

காத்திருக்கும்போது எள்

ஆர்டர் கொடுத்ததும் பல கடைகளில் உள்பக்கம் வரி வரியாகக் கீறிய சின்ன மண்கிண்ணத்தில் வறுத்த எள்ளும், ஒரு சின்ன மர உலக்கையும் வரும். உலக்கையை அழுத்திச் சுழற்றுங்கள், இடிக்க வேண்டாம். பாதி எள் பொடியாகி, மீதி உடைந்தும் முழுசாகவும் இருக்கும்போது நிறுத்திவிடலாம். மணம் எழும்பியதுதான் அடையாளம். முழுக்க அரைத்தால் எண்ணெய் விட்டு விழுதாகி சாஸை இறுக்கிவிடும். சாஸை உடனே ஊற்ற வேண்டாம். தட்டு வரும் நேரத்தில் ஊற்றினால் எள்ளின் மணம் நிற்கும். ஒரு மேசைக்கரண்டி எள்ளுக்கு இரண்டு கரண்டி சாஸ் அளவாக இருக்கும். போதாவிட்டால் பிறகு சேர்க்கலாம்.

மேசையில் சாஸ் ஜாடி இரண்டு இருந்தால் ஒன்று அமகுச்சி, இனிப்பு. மற்றது கரகுச்சி, காரம் என்று சொன்னாலும் நம் நாக்குக்கு அது காரமே இல்லை, மசாலா மணமும் புளிப்பும்தான். தக்காளி, ஆப்பிள் போன்ற பழங்களும் வினிகரும் மசாலாவும் சேர்ந்த கெட்டிச் சாஸ்தான் இரண்டும். உண்மையான காரம் மஞ்சள் நிறக் கடுகு விழுது கராஷியில் இருக்கிறது. மூக்கில் ஏறும், மிளகு அளவு எடுத்தால் போதும். பக்கத்தில் இன்னொரு குப்பியில் முட்டைக்கோஸுக்கான டிரெஸ்ஸிங் இருக்கும். யூசு எலுமிச்சை மணத்தில் இருப்பது பொதுவானது. நிறத்தைப் பார்த்து மாற்றி ஊற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது, ஒரு துளி தட்டில் விட்டு ருசி பார்த்துக்கொள்ளுங்கள்.

தட்டு வந்ததும்

துண்டு பெரும்பாலும் ஒரு கம்பி வலைமேல் இருக்கும். அடியில் நீராவி தேங்கி ஓடு நமத்துப்போகாமல் இருக்கத்தான் அந்த வலை. துண்டுகளை எடுத்து முட்டைக்கோஸ்மேல் சாய்த்து வைத்தால் அந்த ஏற்பாடு வீணாகும். முட்டைக்கோஸ் குளிர்ந்த நீரில் ஊறி வந்தது, ஈரம் ஓட்டுக்குப் போய்விடும்.

வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் இளஞ்சிவப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம். நல்ல கடைகளில் எண்ணெயிலிருந்து எடுத்தபின் சில நிமிடம் நிறுத்தி வைத்து, உள்ளே இருக்கும் சூட்டிலேயே மீதி வேகவிடுவார்கள். அதனால் இறைச்சி வெளிறிய ரோஜா நிறத்தில், சாறோடு இருக்கும். ஜப்பானில் 2015 ஜூன் முதல் பன்றி இறைச்சியைப் பச்சையாகப் பரிமாறுவது தடை. நடுப்பகுதி 63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது அதற்குச் சமமான சூடு காண வேண்டும் என்பது விதி. ஆனால் நடுவில் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தன்மையோடு, வழவழப்பாக, குளிர்ந்து இருந்தால் அது வேகவில்லை என்று பொருள். தயங்காமல் காட்டுங்கள், மறுபடி செய்து தருவார்கள். ஓட்டின் நிறத்தை வைத்து மட்டும் முடிவுக்கு வர வேண்டாம்: குறைந்த சூட்டில் நெடுநேரம் பொரிக்கும் கடைகளில் ஓடு வெளிர் மஞ்சளாகவே இருக்கும், உள்ளே நன்றாக வெந்திருக்கும்.

இனிச் சாப்பிடும் முறை. ரோசு ஐந்தாறு பட்டைகளாக வெட்டி வரும். முதலில் நடுப்பட்டை ஒன்றை எதுவும் தொடாமல் சாப்பிடுங்கள். கடையின் எண்ணெயும் இறைச்சியும் அப்போதுதான் தெரியும். இரண்டாவதற்கு உப்பு. உப்பை ஓட்டின்மேல் தூவினால் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். பட்டையைப் பக்கவாட்டில் சாய்த்து, ஈரமான வெட்டுமுகத்தில் இரண்டு விரலால் எடுத்து இடுங்கள். எலுமிச்சையும் அங்கேதான் பிழிய வேண்டும், ஓட்டின்மேல் அல்ல. மூன்றாவதிலிருந்து சாஸ். எள் கிண்ணத்தில் ஒரு முனையை மட்டும் தொட்டு, உடனே வாயில் போடுங்கள். சாம்பாரில் வடையை ஊறவைப்பது போல இதை ஊறவிடக்கூடாது. தட்டிலேயே ஊற்றுவதென்றால் அந்தந்த நேரம் சாப்பிடப்போகும் ஒரு பட்டைமேல் மட்டும், வெட்டுமுகத்தில் ஊற்றுங்கள்.

கொழுப்பு அதிகமுள்ள ஓரப்பட்டையைக் கராஷியோடு சாப்பிட வேண்டும். கடுகு கொழுப்பின் கனத்தை வெட்டும். அதைக் கடைசிவரை வைத்திருப்பது சரியல்ல. கொழுப்பு ஆறினால் இறுகி மெழுகாகிவிடும், சூட்டில்தான் அது இனிக்கும். மூன்றாவது அல்லது நான்காவதாக எடுங்கள். ஹிரேயில் இந்தக் கவலை இல்லை. அது ஆறினாலும் மென்மை கெடாது.

இரண்டு பட்டைக்கு நடுவில் ஒரு வாய் முட்டைக்கோஸ், ஒரு வாய் சோறு, ஒரு மிடறு சூப். நூல் போல நறுக்கிய முட்டைக்கோஸ் வாயில் படிந்த எண்ணெயைத் துடைக்கிறது. அதை முதலிலேயே முழுக்க முடித்துவிட்டு இறைச்சிக்குப் போனால் பாதியில் திகட்டும். ஒரு பட்டையைக் கடித்து மீதியைத் தட்டில் வைக்கலாம், தவறில்லை. முள்கரண்டி தேவையென்றால் கேட்கலாம். சோற்றில் குச்சியை நட்டு வைக்க வேண்டாம். அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. மேசையின் பொதுச் சாஸ் ஜாடியில் இறைச்சியை நேராக முக்கக்கூடாது, அதிலுள்ள சின்ன அகப்பையால் உங்கள் கிண்ணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் ஜாடிக்கும் அப்படியே.

ஓடு இறைச்சியை விட்டுக் கழன்று வந்தால்? பட்டையைக் குச்சியால் நடுவில் பிடித்துத் தூக்கும்போதுதான் பெரும்பாலும் கழல்கிறது. ஓட்டோடு சேர்த்து மேலும் கீழுமாகப் பிடியுங்கள். அப்படியும் தட்டு முழுக்கக் கழன்றால் சமையலறைத் தவறாக இருக்கலாம்: இறைச்சியின் ஈரம் துடைக்காமல் மாவில் புரட்டியிருப்பார்கள், அல்லது கொழுப்புக்கும் தசைக்கும் இடையிலுள்ள நரம்பைக் கீறிவிடாததால் துண்டு எண்ணெயில் சுருண்டு ஓட்டைத் தள்ளியிருக்கும்.

இன்னொரு முறை வேண்டுமென்றால்

சோறு, சூப், முட்டைக்கோஸ் மூன்றையும் இலவசமாக மறுபடி தரும் கடைகள் நிறைய. சிலவற்றில் முட்டைக்கோஸ் மட்டும், சிலவற்றில் ஒரே ஒரு முறை. மெனுவில் 'ஓகவாரி' என்று இருக்கும். காலிக் கிண்ணத்தைக் காட்டி "ஓகவாரி ஓனெகாய்ஷிமாசு" என்றால் போதும். சோற்றுக்கு "ஹன்புன்" என்று சேர்த்தால் பாதி அளவு தருவார்கள். வாங்கியதை மீதி வைப்பது அங்கே மனதைப் புண்படுத்தும், ஆகவே பாதியாகவே கேளுங்கள். கடைசி ஒன்றிரண்டு பட்டை இருக்கும்போதே முட்டைக்கோஸைக் கேட்டுவிட வேண்டும். அது வந்து சேரும்வரை இறைச்சி ஆறிக்கொண்டிருக்கும்.

நகோயாவில் மட்டும் விதி மாறும்

நகோயாவின் மிசோகட்சுவுக்கு மேலே சொன்ன சாஸ் பாடம் பொருந்தாது. கருஞ்சிவப்பு மிசோவில் செய்த இனிப்பும் உப்புமான குழம்பைத் துண்டின்மேல் தாராளமாக ஊற்றுவதுதான் அந்த ஊர் முறை. 1947 முதல் நடக்கும் யபாதோன் இதற்குப் பெயர்பெற்ற கடை. அங்கே ஓடு குழம்பை உறிஞ்சிக்கொள்ளவே இருக்கிறது. சோறும் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செலவாகும். கொதிக்கும் இரும்புத் தட்டில் முட்டைக்கோஸ்மேல் வைத்துக் கொண்டுவரும் வகையை வாங்கினால் குழம்பு தெறிக்கும், சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மிசோ பிடிக்குமா என்று சந்தேகமுள்ளவர்கள் பாதிக்கு மிசோவும் பாதிக்குச் சாதாரண சாஸும் கிடைக்குமா என்று கேட்கலாம்.

பணம் கொடுத்து வெளியேறுவது

பில் சீட்டு மேசையிலேயே இருக்கும். எடுத்துக்கொண்டு வாசல் பக்கத்துக் கல்லாவில் கொடுங்கள். சின்னத் தனிக் கடைகளில் ரொக்கம் மட்டும் வாங்குவதும் உண்டு, தலைக்கு ஐயாயிரம் யென் கையில் இருந்தால் கவலையில்லை. டிப்ஸ் கிடையாது, வைத்துவிட்டுப் போனால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னால் ஓடி வருவார்கள். "கொச்சிசோசாமா தெஷ்தா" என்று சமையற்காரர் பக்கம் பார்த்துச் சொல்லுங்கள். வெளியே ஆட்கள் நிற்கும்போது சாப்பிட்டு முடித்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

கல்லாவில் கட்சு சாண்டோ (டோன்கட்சு வைத்த சாண்ட்விச்) அடுக்கி வைத்திருந்தால் ஒரு பெட்டி வாங்கலாம். உவேனோவின் இசென் கடைதான் இதைத் தொடங்கியது என்பார்கள். சாஸ் ஊறி மென்மையாக இருப்பதற்கென்றே செய்த ரொட்டி அது, அதனால் ஆறினாலும் நன்றாக இருக்கும். ரயில் பயணத்துக்கு ஏற்றது. பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்குள், அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ரொட்டி இறுகிவிடும். ஊருக்கு விமானத்தில் எடுத்துப் போக நினைக்க வேண்டாம். இறைச்சிப் பொருட்களைப் பல நாடுகள் உள்ளே விடுவதில்லை.